உலகநாச்சி ஏன் விஷம் வைத்தாள்?

என் கண்ணான சாத்தையா,

உன் மகள் தெய்வானையின் கல்யாணத்தை நான் நிறுத்தவில்லை. அதை முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் இப்போது யாரைக் கேட்டாலும், நெற்குப்பையிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களை உன் அக்கா வாசலைக் காட்டி அனுப்பிவிட்டாள் என்பார்கள். தாம்பாளத்தைக் காலால் தள்ளினேன் என்றுகூட ஒரு பேச்சு. தாம்பாளம் என் காலுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. நான் குரலை உயர்த்தவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் அவர்களாகவே எழுந்து போனார்கள். நடந்தது இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன் என்றதும் சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "செத்துப்போன தம்பிக்கு எழுதுறதை ஊரு எதுக்கும்மா படிக்கணும்?" என்றார். ஊர் என்னைப் பற்றிப் பேசும்போது ஊர் படிக்கட்டுமே. அதோடு, உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நீ இருந்தபோது கேட்காமல் விட்டது.

எனக்கு இப்போது ஊரில் ஒரு புதுப் பெயர். உலகநாச்சி. ரயிலடிக்குப் போகும் வழியில் இரண்டு பெண்கள் நான் கேட்கும்படியாகவே சொன்னார்கள். "தம்பி மேடையில போட்ட வேசத்தை அக்கா வீட்டுல போடுது" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது. அந்த மட்டில் என் பார்வைக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதைப் படிக்கிற இளம்பிள்ளைகள் இப்போது பேசும்படம் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். 'தாமரைக்கோட்டை' நாடகம் நம் அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோதே கூத்தாக ஆடி, பிறகு மேடைக்கு வந்தது. ராஜா சாகும்போது மகன் கைக்குழந்தை. மூத்த மகள் உலகநாச்சி, கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நாட்டை ஆளுகிறாள். தம்பி வளர்ந்து ராஜாவாகிறான். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்து அதுவும் வளர்கிறது. அந்தப் பிள்ளைக்கு இளவரசுப் பட்டம் கட்டுகிற நாளில் அத்தைக்காரி பாலில் விஷத்தைக் கலந்து கொடுக்கிறாள். தோழி ஒருத்தி செம்பைத் தட்டிவிட, பிள்ளை பிழைக்கிறான். உலகநாச்சியைச் சுண்ணாம்புக் காளவாயில் தள்ளுகிறார்கள். அதைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் ஜனங்கள் பாயைச் சுருட்டுவார்கள்.

மேடையில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் போடுவார்கள் என்பதால், என் தம்பி உலகநாச்சியானான். காளையார்கோவில் பக்கம் நஞ்சையும் புஞ்சையும் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை முடி வளர்த்துக்கொண்டு நாடகக் கம்பெனிக்குப் போனதை அப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் ஆரம்பத்தில் ஒப்புக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு காரியத்தைச் செய்வதானால் ஒழுங்காகச் செய் என்று உனக்குச் சொன்னேன். நீ ஒழுங்காகச் செய்தாய்.

எவ்வளவு ஒழுங்காகச் செய்தாய் என்பதற்கு அந்தத் தயிர்க்காரி சாட்சி. நீ வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில் அவளிடம் தயிர் வாங்கக் கையை நீட்டினாய். அவள் பானையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அந்தக் கையால தொடாதீக சாமி. பச்சப்புள்ளைக்கு விசத்தை நீட்டுன கையி."

"அது மேடையில, ஆத்தா. செம்பு வெறுஞ் செம்பு. உள்ள ஒண்ணும் கிடையாது."

"வெறுஞ் செம்பையே அம்புட்டு ஆசையா நீட்டுனீகளே! தயிரு இருந்தா விடுவீகளா?"

அன்றைக்கு நீ மோர்க்குழம்பு இல்லாமல் சாப்பிட்டாய். "அக்கா, முதலாளி குடுக்காத மெடலை இவ குடுத்துட்டுப் போறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தயிர்க்காரியும் அவளைப் போன்ற எல்லோரும் உலகநாச்சி விஷம் வைத்ததை நம்புகிறார்கள். ஏன் வைத்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லையே என்பதுதான் என் மனத்தில் ஓடியது.

மதுரைக் கான்வென்டில் எங்களுக்கு நாடகம் படித்துக்காட்டிய கன்னியாஸ்திரீ ஒருவர் உண்டு. இவன் நல்லவன், அவன் கெட்டவன் என்று எழுதிக்கொடுத்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "நேற்றுச் செய்யாத காரியத்தை இவன் இன்றைக்குச் செய்கிறான். நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது? அதை எழுது" என்பார். நான் கற்ற இங்கிலீஷில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

நீயும் நானும் இதற்காக எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம்! பேராசை என்று உன் நாடக வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆண்டு பழகிய கை, விட மனம் வரவில்லையாம். அப்படியானால் தம்பி மடியில் கிடந்தபோதே மூக்கைப் பிடித்திருக்கலாமே? அவனுக்குக் கஞ்சி ஊட்டி, எழுத்து படிப்பித்து, கல்யாணமும் பண்ணிவைத்து, அவனுக்கு மீசை நரைக்கும் வரை காத்திருக்கும் பேராசையை நான் எங்கும் கண்டதில்லை. பிள்ளையில்லாதவளின் பொறாமை என்று பெண்கள் பக்கத்தில் சொல்வார்கள். பொறாமையென்றால் தொட்டிலிலேயே வந்திருக்கும். பட்டம் கட்டும் நாள்வரை ஏன் பொறுத்தாள்? "உன்கூடப் பேசுனா நான் வக்கீலாத்தான் வேசம் போடணும்" என்று சொல்லி நீ எழுந்து போய்விடுவாய்.

இப்போது உன் வேஷத்தைப் போடுகிறவன் போன வாரம் வந்திருந்தான். உன் பழைய கம்பெனி மறுபடி இங்கே கொட்டகை போட்டிருக்கிறது. பகலில், வாழைப்பழச் சீப்பும் மாலையுமாக வந்து உன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான். நல்ல பையன். புருவத்தை மட்டும் ரொம்பவும் மழித்துவிட்டான். காப்பி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஏன்ப்பா, உலகநாச்சி எதுக்கு விஷம் வைக்கிறா?"

"முதலாளி வைக்கச் சொல்றாரும்மா. வைக்கிறேன்."

"நீ எதுக்கு வைக்கிறேன்னு நான் கேக்கல. அவ எதுக்கு வைக்கிறா?"

அவன் காப்பியைக் கீழே வைத்தான். "சேனாதிபதி மேல ஆசைம்மா. அவரை ராசாவாக்கணும்னு. முதலாளி புதுசா ஒரு காட்சி சேத்திருக்காரு. நந்தவனத்துல டூயட்டு. நல்லா விசில் விழுது."

"அவளுக்கு என்ன வயசு இருக்கும்?"

"எனக்கு இருபத்தஞ்சும்மா."

"அவளுக்குப்பா."

"அதை யாரும் சொல்லலையேம்மா" என்றான் பாவம்.

அரண்மனைக் காரியக்காரன் சேதி கொண்டு வருகிற இடத்தை எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். அந்த இடத்தையே எடுத்துவிட்டார்களாம். "அதுல ஒண்ணுமே இல்லையேம்மா. ஒருத்தன் வாரான், என்னமோ சொல்றான், அவ உள்ள போயிர்றா. சனம் அந்நேரம் கடலை வாங்கிக்கிட்டு இருக்கும்."

அதில் ஒன்றுமே இல்லையாம்! சாத்தையா, அந்த நாடகத்தில் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பட்டம் கட்டும் நாள் காலையில் அரண்மனைக் காரியக்காரன் வந்து, "ஊர்வலம் வரும் வழியில் பெரிய நாச்சியார் எதிர்ப்பட வேண்டாம் என்று சொன்னார்கள்" என்கிறான். அவள் "ஆகட்டும்" என்கிறாள். உள்ளே போகிறாள். அடுத்து அவளைப் பார்க்கும்போது கையில் பால்செம்பு இருக்கிறது. நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் வேறு எதுவும் நடக்கவில்லை. கொட்டகை நிறைய உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு அது காதில் விழாமல் போகிறது. ஏனென்றால் அவர்களில் ஒவ்வொருவர் வீட்டிலும் யாராவது ஒருத்தியிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். தினம் கேட்கிற சத்தத்தைத் தனியாகக் கேட்க முடியாது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இந்த இடம் வந்தால் என்னால் உட்கார முடியவில்லை.

நீ அதை எப்படிச் செய்வாய் என்பதைக் கோவிலூரில் ஆடியபோது பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். காரியக்காரன் சொல்லி முடித்ததும் அவனைத் தாண்டி, பட்டத்து மண்டபம் இருப்பதாகச் சொல்லப்படும் பக்கம் பார்த்தாய். அங்கே வெறும் படுதாதான் தொங்கியது. அந்தப் படுதாவில் யாரையோ தேடினாய். பிறகு "ஆகட்டும்" என்று சொல்லி, முந்தானையை இடக்கையால் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு போனாய். என் பக்கத்திலிருந்தவள் கடலையை மென்றுகொண்டு, "சாத்தையாவுக்கு உங்க சாடை அப்புடியே இருக்கே" என்றாள். அது சாடை அல்ல. அது நான்.

உன் கல்யாணத்தன்று நடந்தது அது. பந்தல்கால் ஊன்றியதிலிருந்து பந்தியில் எந்தக் கூட்டு என்பது வரை நான் சொல்லித்தான் நடந்தது. அம்மா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். மாங்கல்யத்துக்குப் பொன் உருக்கும்போது ஆசாரி என்னிடம்தான் அளவு கேட்டார். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் சித்தப்பா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சௌந்தரம், நீ இங்குட்டே இருந்துக்கம்மா. தாலி கட்டி முடியுற வரைக்கும் அங்குட்டு வர வேணாம்னு சொன்னாக."

"ஆகட்டும் சித்தப்பா" என்றேன். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சாமான் அறைக்குள் போனேன். உன் கல்யாணத்தை நான் காதால்தான் கேட்டேன். கெட்டிமேளத்தை வைத்துத்தான் தாலி ஏறியது என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளைச் சேலை உடுத்தியவளுக்கு அது தெரியாத வழக்கமா? தெரியும். எதிர்பார்த்தும் இருந்தேன். அழவில்லை. ஆனால் அன்று பந்தியில் நின்று பரிமாறச் சொல்லும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யார் சொன்னது? பெண் வீட்டாரா? அப்பாவா? உன் மாமனாரா? சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கிறாரே, இவரா? பிறகு மணமாலையோடு உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்தேன். நீயா? அதன் பிறகு எனக்கு யார் முகமும் பழைய முகமாக இல்லை. விஷம் வைக்கும் எண்ணம் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் அதையும் இங்கே எழுதியிருப்பேன்.

இனி, நெற்குப்பைக்காரர்கள் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உன் தலைத்திவசம் முடிந்து, நல்ல மாதம் பார்த்துத்தான் வந்தார்கள். நல்ல குடும்பம். நிலம் இருக்கிறது. பையன் சிவகங்கையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவன் எழுதிய விண்ணப்பம் ஒன்றைக் காட்டினார்கள். கையெழுத்து சுத்தம், ஒற்றுப்பிழை இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடித்துத் தட்டு மாற்றும் சமயம் பையனின் அம்மா சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான். முகூர்த்தத்தப்ப பொண்ணோட அத்தை கொஞ்சம் உள்ள இருந்துக்கிரட்டும்னு சொன்னாக."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரு சொன்னாக?" என்று கேட்டேன்.

"பெரியவுகதான்."

"எந்தப் பெரியவுக? பேரு சொல்லுங்க."

சித்தப்பா நெளிந்தார். "சௌந்தரம், விடும்மா. பலகாரத்தை எடுத்துக்கிட்டு வா."

"பலகாரம் வருது சித்தப்பா. அதுக்கு முன்னால பேரு வரட்டும்."

பையனின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. "இதுக்கெல்லாம் பேரு இருக்குமா? வழக்கம்மா. எங்க ஊரு, ஒங்க ஊரு, எல்லா ஊருலயும் உள்ளதுதான்."

"வழக்கம் நடந்து வந்து ஒங்க வாசல்ல சொல்லிட்டுப் போச்சா? யாராவது ஒரு ஆளு வாயைத் திறந்துதான சொல்லியிருக்கணும்."

"நாடகக்காரர் வீடு. வசனத்துக்குக் கேக்கணுமா" என்று அந்த அம்மாள் மெல்லச் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. பையனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வண்டி கிளம்பிப் போயிற்று. பலகாரம் அப்படியே இருந்தது.

"ஒரு 'சரி' சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இங்கிலீசு படிச்ச புத்தி!" என்றார் சித்தப்பா. கோபமாகச் சொல்லிக்கொண்டே அதிரசத்தையும் எடுத்துச் சாப்பிட்டார். அவர் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

ஊர்ப் பேச்சு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. உன் மகள் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவளுக்கு உன் கண், உன் வாய். வண்டி போன மறுநாள் காலையில் என் எதிரே வந்து நின்றாள்.

"எனக்காகக் கேட்டீகளா அத்தை, ஒங்களுக்காகக் கேட்டீகளா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "எனக்காகத்தான்" என்றேன்.

"அப்ப அதை என் கல்யாணத்துலயா கேக்கணும்?"

"கல்யாணத்துலதானடி உள்ள போகச் சொல்றாக. வேற எங்கிட்டுப் போய்க் கேக்குறது?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அவுகளைப் பிடிச்சிருக்கு அத்தை" என்றாள். காளையார்கோவில் தெப்பத்தின்போது பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அவள் வேறெதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தாயில்லாத பிள்ளை, தகப்பனையும் கொடுத்துவிட்டவள். அவள் வாழ்வு என் ஒரு கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது. இதைவிட என்ன வேண்டும், என்னை உலகநாச்சி என்று சொல்ல? அத்தைக்காரி, தம்பி பிள்ளையின் நல்ல நாள், பால்செம்பு. எல்லாம் பொருந்துகிறது.

ஒரு நாள் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் முருங்கைக்கீரை ஆயும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள். நாமாகப் பேசக் கூடாது என்று இருந்தேன். என்னால் முடியவில்லை. நீ அந்த இடத்தை எப்படிச் செய்வாய் என்று சொன்னேன். கம்பெனிக்காரன் அதை எடுத்துவிட்டதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கீரையை உருவினாள்.

"அத்தை, அந்தச் சேதியை அனுப்புனது யாரு? நாடகத்துல."

"அதைச் சொல்லல."

"ராசாவா?"

"தெரியல."

"ராணியா? இல்ல, குருக்களா?"

"எழுதினவரு சொல்லலடி. 'சொன்னார்கள்'னுதான் இருக்கு."

"அப்ப உலகநாச்சிக்கும் தெரியாதுல்ல?" என்றாள். உருவிய கீரையை முறத்தில் போட்டுவிட்டு, "அவுக அந்தப் பிள்ளைதான் சொல்லுச்சுன்னு நினைச்சுக்கிட்டாக போல" என்றாள்.

கையிலிருந்த காம்பை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்தது பாதிதான், சாத்தையா. ஒதுங்கி நிற்கச் சொன்னதால் அவள் விஷம் வைத்தாள் என்று நினைத்தேன். ஒதுங்கி நிற்பது அவளுக்குப் புதிதல்ல. வாழ்நாளெல்லாம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண்டவள் அவள். அவளைத் தின்றது அந்த வார்த்தை, 'சொன்னார்கள்'. அனுப்பியவன் பெயர் இல்லாமல் ஒரு சேதி வந்தால் அதற்கு நாமே ஒரு பெயரை வைத்துவிடுகிறோம். யாரிடம் அதிகம் பாசமோ, அவர்கள் பெயரைத்தான் வைக்கிறோம். வேறு யார் சொன்னாலும் அவ்வளவு வலிக்காது என்பதால், வலியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறோம். அவள் மடியில் வளர்ந்த தம்பி. அந்தத் தம்பியின் பிள்ளை. அவன் சொல்லியிருப்பான் என்று முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பது தன் பெருமைக்குக் குறைவு என்று நினைத்திருப்பாள். எனக்கு அந்தப் பெருமையை நன்றாகத் தெரியும்.

அவளுக்காக நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எழுத வேண்டாம். விஷம் வைத்தவள் விஷம் வைத்தவள்தான். காரணம் தெரிந்தால் குற்றம் குறையாது. ஆனால் அவளைக் காளவாயில் தள்ளிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள், அந்தச் சேதியை அனுப்பியது யார் என்று ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். அவன் அந்தக் கடைசிக் காட்சியிலும் மேடையில்தான் எங்கோ நிற்கிறான்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். கோவிலூர் மேடையில் அந்தப் படுதாவில் நீ யாரைத் தேடினாய்? உன் கல்யாணத்தன்று சித்தப்பா என்னிடம் சொன்னது உனக்குக் கேட்டதா? இல்லையென்றால் என் முந்தானையை நான் இழுத்த விதம் உனக்கு எப்படித் தெரியும்? மணவறையிலிருந்து எட்டிப் பார்த்தாயா? பார்த்தும் பேசாமல் இருந்தாயா? அல்லது, சொல்லிவிடுகிறேன், அனுப்பியதே நீதானா? மாமனார் வீட்டுக்குப் பயந்து, சித்தப்பா காதில் ஒரு வார்த்தை சொன்னாயா? பிறகு அது உன்னை அரித்ததால்தான் ஊர் ஊராகப் போய் அந்தப் பார்வையைப் பார்த்தாயா? எதுவாக இருந்தாலும் நான் தாங்குவேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. சித்தப்பாவைக் கேட்டேன். "யாரோ சொன்னாகம்மா. நாப்பது சனம் நின்னாக. எனக்கென்ன நெனப்பா இருக்கு?" என்கிறார். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. சொன்னவர் எவரோ, அவருக்கும் இருந்திருக்காது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகள் கல்யாணம் அந்தப் பையனோடுதான் நடக்கும். அதற்கு என்னால் ஒரு தடையும் வராது. நேற்று சித்தப்பாவை நெற்குப்பைக்கு அனுப்பி, பெண் கொடுக்கச் சம்மதம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். அவர்களும் சம்மதம், ஆவணியில் முகூர்த்தம் என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் விஷயத்தை மட்டும் இரண்டு பக்கமும் பேசவில்லை. தெய்வானை நேற்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள்.

அந்த விஷயத்தை இங்கே பேசிவிடுகிறேன். முகூர்த்த நேரத்தில் நான் உள்ளே இருக்க வேண்டும் என்று ஒருவர் தம் பெயரைப் போட்டு எழுதினால், நான் உள்ளே இருப்பேன். யாருக்காக இருக்கிறேன் என்று தெரிந்து இருப்பேன். வேறு ஒருவர் முகத்திலும் அந்தப் பெயரைத் தேட மாட்டேன், முக்கியமாக என் பிள்ளையின் முகத்தில். வெளியே நிற்கலாம் என்று எழுதினால், அவளுக்குப் பக்கத்தில் நிற்பேன். யாரும் எதுவும் எழுதாவிட்டால், என்னை உள்ளே போகச் சொன்னவர் எவரும் இல்லை என்றுதான் கான்வென்டில் படித்த புத்தி எடுத்துக்கொள்ளும். அப்போதும் அவளுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.

நெற்குப்பைச் சம்பந்தி அவர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் தபாலில் வருவதாக அன்று சொன்னீர்கள். ஆகையால் இதை நீங்கள் படிப்பீர்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால், நான் எங்கே நிற்க வேண்டும் என்பதையும், அதைச் சொல்கிறவர் யார் என்பதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சாத்தையாவின் அக்காவும் தெய்வானையின் அத்தையுமான
சௌந்தரம்
காரைக்குடி